முதலில் பட்டறை, பிறகு அறை: கைவினைப் பொருட்களை வைத்து வீட்டின் உட்புறத்தை அமைப்பது எப்படி

வீட்டு வேலை முடியும் தறுவாயில்தான் நம்மில் பலருக்குக் கைவினைப் பொருள் ஞாபகம் வருகிறது. வழவழவென்று விட்ரிஃபைடு டைல் போட்டு, ஃபால்ஸ் சீலிங் அடித்து, டிவிக்குப் பின்னால் லேமினேட் பலகை ஒட்டி, எல்லாம் ஆன பிறகு "நம்ம ஊர்ப் பொருள் ஏதாவது ஒண்ணு இருந்தா நல்லா இருக்குமே" என்று ஒரு பித்தளை விளக்கையோ மண் குதிரையையோ வாங்கி மூலையில் வைக்கிறோம். அது அங்கே ஒட்டாமல் நிற்கிறது. விளக்கை மாற்றிப் பயனில்லை. முடிவு எடுத்த வரிசை தப்பு.

இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது. பட்டறைப் பொருளை முதலில் முடிவு செய்யுங்கள், சுவரின் நிறம், சோபா, திரைச்சீலை எல்லாம் அதற்குப் பிறகு வரட்டும்.

காரணம் எளிது. தொழிற்சாலைப் பொருள் எந்த அளவிலும் எந்த நிறத்திலும் கிடைக்கும், நாளைக்கே வந்து இறங்கும், அதனால் அதைக் கடைசியில் தேர்ந்தெடுத்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. சிறு பட்டறையில் அப்படி நடக்காது: தறியின் அகலம் இவ்வளவுதான், அச்சின் அளவு இவ்வளவுதான், இந்த மண்ணைச் சுட்டால் இந்த நிறம்தான் வரும், ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் எதுவும் காயாது. இந்தக் கட்டுப்பாடுகளைத் தொந்தரவாக நினைக்காமல் அறையின் சட்டமாக எடுத்துக்கொண்டால் பாதி முடிவுகள் தானாக விழுந்துவிடும். இன்றைக்குப் பத்திரிகைகளில் படம் வரும் பல வீடுகளும் சின்னச் சின்ன தங்கும் விடுதிகளும் கஃபேக்களும் அழகாக இருப்பது இதனால்தான். அங்கே தரையையோ பாயையோ சட்டியையோ மையமாக வைத்து மற்றதை அடக்கி வாசித்திருப்பார்கள்.

ஓர் அறைக்கு ஒரு பெரிய பொருள். இதை மட்டும் மீறாதீர்கள். ஆத்தங்குடித் தரையும் வேண்டும், அதன் மேல் பட்டை பட்டையாகப் பவானி ஜமக்காளமும் வேண்டும், சுவரில் கலம்காரியும் வேண்டும் என்றால் மூன்றும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், ஒன்றைக்கூடக் கண் நின்று பார்க்காது. எந்த அறைக்கு எது தலைவர் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் அந்தப் பட்டறைக்குப் போங்கள்.

தரையிலிருந்து ஆரம்பிப்பவர்களுக்கு

சொந்த வீடு கட்டுகிறீர்கள் அல்லது பழைய தரையைப் பெயர்க்கப் போகிறீர்கள் என்றால் ஆத்தங்குடி டைலிலிருந்து தொடங்கலாம். சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் ஆத்தங்குடி. இந்த டைல் சூளையில் சுடப்படுவதில்லை என்பதே பலருக்குத் தெரியாது. ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ வடிவத் தகட்டு அச்சை இறக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கியதும் அதன் மேல் மணலும் சிமெண்டும் கலந்த பொடியைத் தூவி, பிறகு ஈரக் கலவையை அள்ளிப் போட்டு அழுத்தி மட்டம் செய்வார்கள். காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் சில நாட்கள் ஊறும். கண்ணாடியிலிருந்து பிரித்தெடுக்கும்போது அந்தப் பக்கத்தில் தெரிகிற பளபளப்புத்தான் டைலின் முகம். மெருகேற்றும் எந்திரம் எதுவும் கிடையாது.

இந்தச் செய்முறையைத் தெரிந்துகொண்டால் வாங்கும்போது ஏமாற மாட்டீர்கள். இப்போது ஆத்தங்குடி டிசைன் என்று சொல்லி அச்சடித்த செராமிக் டைல்கள் நிறைய வருகின்றன. பக்கவாட்டில் பாருங்கள். அசலில் நிறம் சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு இறங்கியிருக்கும், நகலில் நிறம் மேலே படலமாக மட்டும் இருக்கும். அசல் கனமாக இருக்கும், பின்பக்கம் சிமெண்டு தெரியும். நான்கைந்து டைலை வரிசையாக வைத்தால் பூவின் ஓரக்கோடு ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் நெளியும். அந்த நெளிவுதான் தரைக்கு உயிர். அதைக் குறை என்று சொல்லி மாற்றித் தரச் சொல்லாதீர்கள்.

சரி, எத்தனை வேண்டும்? 10 அங்குலத்துக்கு 10 அங்குல டைல் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஹால் 12 அடிக்கு 14 அடி, அதாவது 168 சதுர அடி. ஒரு டைல் சுமார் 0.69 சதுர அடியை மூடும், எனவே 242 டைல்கள் தேவை. அதோடு பத்து சதவீதம் சேர்த்து 266 வாங்குங்கள். ஓரத்தில் வெட்டுவதற்கும், வழியில் உடைவதற்கும், பத்து வருடம் கழித்து ஒன்று விரிசல் விட்டால் மாற்றுவதற்கும் அந்தக் கூடுதல் வேண்டும், ஏனென்றால் அடுத்த முறை கலக்கும் நிறம் கண்டிப்பாக இதே நிறமாக இருக்காது. 2 சென்டிமீட்டர் தடிமன் உள்ள டைல் ஒன்று இரண்டரை கிலோவுக்கு மேல் வரும், ஆகவே மொத்தம் முக்கால் டன் அளவுக்கு எடை. மாடியில் போடுவதாக இருந்தால் இந்த எடையையும் அடியில் போடும் கலவையின் எடையையும் சேர்த்து உங்கள் எஞ்சினியரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். தரை மட்டமும் வழக்கமான டைலைவிட உயரும், கதவுகளின் அடிப்பக்கம் அதற்கேற்ப இருக்க வேண்டும்.

வீடு முழுவதும் பூ டைல் போடாதீர்கள். செட்டிநாட்டு வீடுகளில் போய்ப் பார்த்தால் தெரியும், நடுவில் பூ, சுற்றிலும் கரை, அதற்கப்பால் வெறும் சிவப்போ பச்சையோ என்று அளந்து போட்டிருப்பார்கள். ஹாலின் நடுவிலோ முகப்பிலோ பூ டைல் போட்டு, படுக்கையறைக்கு ஒற்றை நிறம் எடுப்பது நல்லது. கையும் காலும் எப்போதும் ஈரமாக இருக்கும் குளியலறைக்கு இது வேண்டாம் என்பது என் கருத்து.

பதிக்கும்போது இரண்டு விஷயம். ஒன்று, தரை வேலையைக் கடைசியில் வையுங்கள். பெயிண்ட், மரவேலை, மின்சார வேலை எல்லாம் முடிந்த பிறகு டைல் இறங்கட்டும், இல்லாவிட்டால் சொட்டுகிற பெயிண்டும் வார்னிஷும் அதில் ஊறிவிடும், அப்புறம் எடுக்க முடியாது. இரண்டு, இதைப் பதித்துப் பழகிய கொத்தனாரையே பிடியுங்கள். பட்டறைக்காரரிடம் கேட்டால் ஆள் சொல்வார்கள், கூலி கொஞ்சம் கூடுதலானாலும் அவர்களைக் கூப்பிடுங்கள். இணைப்பு நெருக்கமாக இருக்க வேண்டும், மட்டம் சரியாக இருக்க வேண்டும், ஏனென்றால் பிறகு எந்திரத்தை வைத்துத் தேய்த்துச் சரிசெய்யலாம் என்ற பேச்சே கிடையாது. பதித்து முடிந்ததும் உமியோ மரத்தூளோ போட்டுத் தேய்த்துத் தேங்காயெண்ணெய் தடவுவது வழக்கம். அதன் பிறகு நடக்க நடக்கத்தான் மெருகு ஏறும். ஆசிட்டை அந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள். எலுமிச்சையோ புளித்தண்ணீரோ சிந்தினால் உடனே துடைத்துவிடுங்கள்.

இப்படி ஒரு தரை வந்துவிட்டால் சுவரைப் பற்றி யோசிக்க ஒன்றுமில்லை. வெள்ளை, அல்லது சுண்ணாம்பின் மங்கிய வெள்ளை. மரச்சாமான்கள் குறைவாக, கால் வைத்தவையாக இருக்கட்டும், அடியில் தரை தெரிய வேண்டும். தரையோடு ஒட்டிக் கிடக்கிற பெரிய எல் வடிவ சோபாவை வாங்கிப் போட்டால் நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய பூவில் பாதி அதற்கு அடியில் போய்விடும்.

துணியிலிருந்து ஆரம்பிப்பவர்களுக்கு

தரையை மாற்ற முடியாதவர்களுக்குப் பவானி ஜமக்காளம்தான் முதல் பதில். காவிரியும் பவானியும் சேர்கிற ஊர், ஈரோடு மாவட்டம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர்களின் ஆலைத் துணி சந்தையை நிரப்பியபோது, ஜங்கமர் என்ற நெசவுச் சமூகத்தினர் தடித்த வண்ண நூலை வைத்துத் தரைவிரிப்பு நெய்யத் தொடங்கினார்கள், அதுதான் இன்று நாம் விரிக்கிற ஜமக்காளம். அகலமான விரிப்புக்குக் குழித்தறியில், அதாவது கால்மிதி குழிக்குள் இருக்கும் தறியில், இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவை ஒருவர் தள்ள மற்றவர் வாங்கி நெய்வார்கள்.

நம்மில் பலருக்கு ஜமக்காளம் என்றால் கல்யாண மண்டபத்தில் விரிப்பது என்ற நினைப்பு இருக்கிறது. அதை மறந்துவிட்டு ஒரு முறை நன்றாகப் பாருங்கள். கூச்சமே இல்லாத நிறங்கள், நேர்ப்பட்டைகள், இரண்டு பக்கமும் ஒரே முகம். திவான் மேல் போடலாம், கட்டிலின் கால்மாட்டில் மடித்துப் போடலாம், குழந்தைகள் விளையாடும் அறைக்கு இதைவிடப் பொருத்தமான விரிப்பு இல்லை, துவைக்கலாம் என்பதால். ஒரு பெரிய ஜமக்காளத்தை நேராகச் சுவரில் தொங்கவிட்டால் தனியாக ஓவியம் எதுவும் தேவைப்படாது.

அறையை அதை வைத்து எப்படி அமைப்பது என்றால், பட்டைகளில் எது மிகக் குறைந்த அகலத்தில் இருக்கிறதோ அந்த நிறத்தை எடுத்து குஷன் உறைக்குக் கொடுங்கள். பெரிய பட்டையின் நிறத்தை வேறெங்கும் திரும்பக் கொண்டுவராதீர்கள். சுவருக்கு எந்தப் பட்டையின் நிறமும் வேண்டாம். இந்த ஒரு வழியைப் பின்பற்றினாலே அறை அமைதியாக இருக்கும்.

விசைத்தறியில் நெய்ததைப் பவானி என்று சொல்லி விற்பது அதிகம், ஆகவே வாங்கும்போது விசாரியுங்கள். 1985-ல் வந்த கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின் பட்டியலில் ஜமக்காளமும் இருக்கிறது, அதாவது சட்டப்படி அது கைத்தறிக்கு மட்டுமே உரியது. பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடும் உண்டு. கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள், நெசவாளர் கூட்டுறவு சங்கத்திலோ கோ-ஆப்டெக்ஸிலோ வாங்குங்கள், முடிந்தால் பவானிக்கே போய் வாங்குங்கள். முதல் சலவையைத் தனியாகச் செய்யுங்கள், சாயம் கொஞ்சம் இறங்கும். நிழலில் காயப்போடுங்கள். வழுக்குகிற டைல் தரையில் விரிப்பதாக இருந்தால் அடியில் ரப்பர் வலையை வையுங்கள், வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இது கட்டாயம்.

கோரைப் பாய், கொஞ்சம் விரிவாக

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான் என்பதால் நீட்டி எழுதுகிறேன். திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில் லெப்பை முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பாய் நெய்கிறார்கள், இப்போது தறியில் உட்காருவது பெரும்பாலும் பெண்கள். கோரையை வெட்டி, காயவைத்து, தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய இழையாகக் கிழித்து, பருத்திப் பாவில் ஊடாக நெய்கிறார்கள். எவ்வளவு மெல்லியதாகக் கிழிக்கிறார்களோ அவ்வளவு நயம். நயமான பாய் துணி மாதிரி கையில் விழும், அதனால்தான் பட்டுப் பாய் என்று பெயர். கல்யாணத்துக்கு மணமக்கள் பெயரைப் போட்டு நெய்து கொடுப்பதும் அங்கே உண்டு. அப்படிப்பட்ட ஒரு பாய் தறியிலிருந்து இறங்க வாரக்கணக்கில் ஆகும், நேற்றுச் சொல்லிவிட்டு இன்று கேட்க முடியாது.

பாயைத் தரையில் மட்டும் போடுவது என்று இல்லை. இதன் அகலமும் பளபளப்பும் நேர்த்தியான கோடுகளும் உட்புற அலங்காரத்துக்கு நிறைய இடம் தருகின்றன. கட்டிலின் தலைமாட்டில் மரச்சட்டம் போட்டு அதற்குள் பாயை இழுத்துக் கட்டலாம், மெத்தை வைத்த தலைமாட்டைவிட நம் ஊர் வெயிலுக்கு அது எவ்வளவோ மேல். அலமாரிக் கதவில் கண்ணாடிக்குப் பதிலாகப் பாய் பொருத்தினால் காற்றும் போகும், உள்ளே இருப்பதும் தெரியாது. ஜன்னலுக்குச் சுருட்டுத் திரையாகத் தொங்கவிட்டால் பகல் வெளிச்சம் தேன் நிறத்தில் உள்ளே வரும். சாப்பாட்டு மேசைக்கு நீளப் பாயும், தட்டுக்கு அடியில் சின்னப் பாயும் அவர்களே நெய்து தருகிறார்கள்.

இதற்கெல்லாம் ஒரு நிபந்தனை இருக்கிறது. சட்டமோ கதவோ செய்யும் முன்னால் பாயின் அகலத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஆசாரிக்கு அந்த அளவைக் கொடுங்கள். கதவைச் செய்துவிட்டுப் பாயைத் தேடினால் வெட்ட வேண்டி வரும், வெட்டிய கோரை ஓரத்தில் அவிழும், பிறகு துணிப்பட்டி வைத்துத் தைக்க வேண்டும். தறிக்குத் தக்கபடி மரத்தை அறுப்பது சுலபம்.

பாயை மடிக்காதீர்கள், சுருட்டுங்கள். மடித்தால் அந்த இடத்தில் இழை உடையும். ஈரச் சுவரில் சாய்த்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். மழைக்காலம் முடிந்ததும் ஒரு நாள் இளவெயிலில் காட்டி எடுத்தால் போதும்.

மண்ணும் பீங்கானும்

மண்பாண்டத்தில் இரண்டு வகை இருக்கிறது, இரண்டையும் ஒரே வேலைக்கு வாங்கக் கூடாது. மானாமதுரையிலோ உங்கள் ஊர்க் குயவரிடமோ கிடைப்பது குறைந்த சூட்டில் சுட்ட செம்மண் பாண்டம், அது தண்ணீரை உறிஞ்சும், அதனால்தான் பானைத் தண்ணீர் குளிர்கிறது. செடித்தொட்டி, விளக்கின் மேல்மூடி, தண்ணீர்ப் பானை, சமையல் சட்டி ஆகியவற்றுக்கு இது. புதுச்சேரி, ஆரோவில் பக்கத்துப் பட்டறைகளில் செய்வது 1250 டிகிரிக்கு மேல் சுட்ட கற்பாண்டம் (ஸ்டோன்வேர்), தண்ணீர் உறிஞ்சாது, தட்டு, கோப்பை, கிண்ணம் எல்லாம் அதில் வாங்கலாம்.

அந்தப் புதுச்சேரிப் பட்டறைகளுக்குப் பின்னால் ஒரு நல்ல கதை இருக்கிறது. ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1971-ல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். அவர்களிடம் கற்றுக்கொண்டவர்கள் தனித்தனியாகப் பட்டறை வைத்து நாடு முழுவதும் பரவினார்கள். இன்றைக்கு இந்திய உணவகங்களில் மங்கிய நீலமும் சாம்பலும் பழுப்புமாக, ஓரம் சீராக இல்லாத தட்டுகளைப் பார்க்கிறோமே, அந்த ரசனை இங்கே வேர்பிடித்ததில் இந்த ஒரு சின்னப் பட்டறைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. ஒரு சூளை ஒரு தலைமுறையின் சாப்பாட்டு மேசையை மாற்ற முடியும் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கும்.

கற்பாண்டம் வாங்கும்போது ஒரு செட் முழுவதையும் ஒரே தடவையில் வாங்குங்கள், அடுத்த சூளையில் அதே நீலம் வராது. அல்லது வேண்டுமென்றே கலந்து வாங்குங்கள், ஆனால் களிமண் நிறம் ஒன்றாக இருக்கட்டும், மேல்பூச்சு மட்டும் மாறட்டும். தட்டைக் கவிழ்த்து அடிவளையத்தைத் தடவிப் பாருங்கள், சொரசொரப்பாக இருந்தால் மேசையைக் கீறும். கோப்பையைக் காதைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள், வெறும் கோப்பையே கனமாக இருந்தால் காப்பி ஊற்றிய பிறகு கை வலிக்கும். சாம்பார் சாதம் சாப்பிடுகிற வீட்டுக்குத் தட்டையான தட்டு உதவாது, விளிம்பு தூக்கிய தட்டைக் கேளுங்கள். இதைப் பட்டறைக்காரரிடம் சொன்னால் சந்தோஷமாகச் செய்து தருவார்கள். செம்மண் தொட்டியை ஆத்தங்குடித் தரையில் நேரடியாக வைக்காதீர்கள், அடியில் ஈரம் கசிந்து வட்டமாகக் கறை விழும். ஒரு மரக்கட்டையையோ இரும்பு முக்காலியையோ வையுங்கள்.

விளக்கு, கொட்டான், பழைய தூண்

கும்பகோணம் பக்கத்து நாச்சியார்கோவிலில் வார்க்கும் குத்துவிளக்கு அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, மேலே அன்னம் என்று தனித்தனியாக வார்த்துத் திருகிச் சேர்ப்பது. ஆகவே திருகு நேராக ஏறுகிறதா, நிறுத்தினால் ஆடாமல் நிற்கிறதா என்று அங்கேயே பாருங்கள். எடை போட்டுத்தான் விலை. பூஜையறையில் மட்டும் வைக்க வேண்டும் என்றில்லை, வாசலுக்கு நேர் எதிரே வெறும் சுவருக்கு முன்னால் ஒற்றை விளக்கு போதும், சுற்றி வேறெதுவும் வேண்டாம். எண்ணெய் வழிந்தால் தாங்க ஒரு தாம்பாளத்தை அடியில் வையுங்கள்.

செட்டிநாட்டுக் கொட்டான், பனையோலைக் கூடை. ஒரு காலத்தில் சீர்வரிசைக்கென்று வீடுதோறும் முடைந்தது, பிறகு அருகிப் போய், விசாலாட்சி ராமசாமி நடத்தும் எம்.ஆர்.எம்.ஆர்.எம். பண்பாட்டு அறக்கட்டளையின் முயற்சியால் காரைக்குடிப் பக்கத்துப் பெண்கள் மறுபடி முடையத் தொடங்கினார்கள். சாவி, ரிமோட், மருந்துச் சீட்டு, சார்ஜர் எல்லாம் போட்டுவைக்க வீட்டுக்கு மூன்று நான்கு கொட்டான் வாங்கிவிடுங்கள், அலங்காரத்துக்கு முதல் எதிரியான சிதறல் ஒழியும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய வீடுகளிலிருந்து பிரித்தெடுத்த தூண், நிலைக்கதவு, எனாமல் பாத்திரம் எல்லாம் கிடைக்கும். பார்க்கக் கட்டாயம் போகலாம். ஆனால் நிலைக்கதவு வேண்டும் என்றால் நான் புதிதாகச் செய்யச் சொல்வேன். பழைய கதவுக்கு விலை ஏற ஏற, நிற்கிற வீட்டை இடித்து விற்பவர்களுக்கு ஒரு காரணம் கிடைக்கிறது. கள்ளக்குறிச்சியிலும் அரும்பாவூரிலும் உளி பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அந்த வேலை போகட்டும்.

பட்டறையில் எப்படிப் பேசுவது

இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். போனில் ஒரு படத்தைக் காட்டி "இதே மாதிரி வேணும்" என்று கேட்டால், மறுத்தால் வியாபாரம் போய்விடுமே என்று அவர்கள் சரி என்று சொல்லிவிடுவார்கள், வந்து சேரும் பொருள் அந்தப் படத்தையும் போலிருக்காது, அவர்கள் கைக்குப் பழகியதையும் போலிருக்காது. அதற்குப் பதிலாக, "அண்ணே, உங்க கிட்ட இருக்கிற அச்சுல எது ரொம்ப நல்லா வரும்?" என்று கேளுங்கள். "அக்கா, நீங்க நெய்யுற பாய்ல உங்களுக்குப் பிடிச்சது எது?" என்று கேளுங்கள். முதலில் கூச்சப்படுவார்கள், அப்புறம் உள்ளே போய் எங்கோ மேலே சுருட்டி வைத்திருக்கிற ஒன்றை எடுத்து வந்து விரிப்பார்கள்.

மாற்றம் கேட்பதாக இருந்தால் ஒன்றைக் கேளுங்கள். நிறத்தை மாற்றுங்கள், அளவு அப்படியே இருக்கட்டும். அல்லது அளவை மாற்றுங்கள், வடிவம் அப்படியே இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றச் சொன்னால் அது புதிய பொருள், அதற்கு மாதிரி செய்ய வேண்டும், அந்த மாதிரிக்குக் காசு கொடுக்க வேண்டும். மாதிரியை இலவசமாகக் கேட்காதீர்கள்.

முன்பணம் கொடுங்கள், ஏனென்றால் நூலும் சிமெண்டும் பித்தளையும் அவர்கள் கைக்காசில் வாங்க வேண்டியவை. அளவு, எண்ணிக்கை, நிறம், தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், வாட்ஸப்பிலும் அனுப்பிவையுங்கள். அளவை அடியிலும் அங்குலத்திலும் சொல்லுங்கள், பட்டறைகளில் அந்தக் கணக்குத்தான் ஓடுகிறது. மழை மாதங்களைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்: தை மாதம் கிரகப்பிரவேசம் என்றால் ஆவணிக்குள் ஆர்டர் போயிருக்க வேண்டும். லாரி பார்சலில் உடைந்தால் யார் பொறுப்பு என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். டைலை நிமிர்த்தி, முகத்துக்கு முகம் பார்த்து, நடுவில் வைக்கோலோ தாளோ வைத்து அடுக்கச் சொல்லுங்கள்.

பேரம் பேசலாமா? எண்ணிக்கை அதிகமாக வாங்கும்போது கொஞ்சம் கேட்பதில் தப்பில்லை. ஒற்றைப் பாய்க்கு, ஒற்றைக் கொட்டானுக்குப் பேரம் பேசாதீர்கள். நூறு இருநூறு குறைத்தால் அது நூலின் விலையிலோ ஓலையின் விலையிலோ குறையாது, நெய்கிறவர் கூலியில்தான் குறையும். கூலி குறைந்த தறியில் அடுத்த தலைமுறை உட்காராது, இதைப் பத்தமடையிலும் பவானியிலும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

நேரில் போக முடியாதவர்களுக்குத் தமிழக அரசின் கைவினைப் பொருள் கடைகளான பூம்புகார் கடைகள் இருக்கின்றன. வீட்டு உட்புறத்தை முழுசாக இப்படிச் செய்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்படுபவர்கள் சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்கு ஒரு முறை போய் வாருங்கள், பழைய வீடுகளையே பெயர்த்து வந்து நிறுத்தியிருக்கிறார்கள், தூணுக்கும் தரைக்கும் வெளிச்சத்துக்கும் என்ன கணக்கு என்று கண்ணால் படித்துவிடலாம்.

இன்டீரியர் டிசைனரை வைத்திருந்தால் முதல் சந்திப்பிலேயே உங்கள் தாளைக் கொடுத்துவிடுங்கள்: இந்த அறையில் இந்த டைல், இந்த அளவு, இந்தத் தேதிக்கு வரும். "அது டைமுக்கு வராது சார், நாம வேற போட்டுக்கலாம்" என்று ஆரம்பிப்பார்கள். தேதியை நீங்கள் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தால் அந்தப் பேச்சு அங்கேயே முடியும்.

வாடகை வீட்டில் இருந்தால்

ஆணி அடிக்கவே வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டிய நிலையில் இருப்பவர்கள் இவற்றில் எடுத்துச் செல்லக் கூடியவற்றை மட்டும் வாங்குங்கள். முதலில் ஒரு பெரிய ஜமக்காளம், வாடகை வீட்டின் மோசமான தரையை மறைக்க அதைவிட நல்ல வழியில்லை. அடுத்து ஜன்னலுக்குப் பாய். திரைக்கம்பி ஏற்கெனவே இருக்கும், அதில் வளையம் கோத்துத் தொங்கவிட்டால் போதும். ஆத்தங்குடி டைல் ஆசை இருந்தால் நான்கே நான்கு வாங்கி, ஆசாரியிடம் சொல்லி ஒரு சின்ன மர மேசையின் மேல்பரப்பாகப் பதித்துக்கொள்ளுங்கள். 10 அங்குல டைல் நான்கு சேர்ந்தால் 20 அங்குலச் சதுரம், காப்பி மேசைக்குச் சரியான அளவு. கால்களை மட்டும் கனமான மரத்தில் போடச் சொல்லுங்கள், டைல் மட்டுமே பத்து கிலோவுக்கு மேல் வரும். வீடு மாறும்போது மேசையை இரண்டு பேராகப் பிடித்துத் தூக்குங்கள், விளக்கைத் திருகிப் பிரித்துத் துணியில் சுற்றுங்கள், பாயைச் சுருட்டி நிமிர்த்தி வையுங்கள், அதன் மேல் எதையும் அடுக்க வேண்டாம்.